போன ஞாயிறு ஏன் வரலை?

நான் வாராவாரம் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்போம், பாஸ்டரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) சென்னைக்கு வந்த பதினாறு வருஷத்தில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், சொந்தக்காரர் கல்யாணம், அவ்வளவுதான். கூட்டம் குறைந்து போச்சு என்று புலம்ப எனக்குத் தகுதி கிடையாது, குறைந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த வருஷம் அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, ஊருக்குப் போனவன் அடுத்த ஞாயிறும் அங்கேயே தங்கிவிட்டேன். அசனத்தன்று சோறு வாங்குகிற வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது, மும்பையில் இருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள். மறுவாரம் ஆராதனையில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு பேர். அதிலும் நாங்கள் நாலு பேர் விருந்தாளிக் கணக்கு. நடுவில் காலி பெஞ்சுகளுக்கு மேல் ஃபேன்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

காரணம் கேட்டால் பக்தி போய்விட்டது, போன் கெடுத்துவிட்டது என்பார்கள். நான் நம்பவில்லை. எங்களுக்கு மிஷனரிகளை அனுப்பிய இங்கிலாந்தில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அங்கேயும் வேல்ஸிலும் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பில் 59.3 சதவீதம், 2021-இல் 46.2 சதவீதம். பிரிஸ்டலில் ஒரு பழைய கோயில் இப்போது கயிறு கட்டிச் சுவர் ஏறிப் பழகுகிற இடம். எங்கள் ஊர்க் கதை வேறு. கோயிலில் முப்பத்தேழு பேர் இருந்த அதே நேரம், ரெண்டு தெரு தள்ளி தகரக் கொட்டகையில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. இன்னும் கொஞ்சப் பேர் 2020 ஊரடங்கில் பழகிய யூடியூப் ஆராதனையோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், குழம்பு கொதிக்கும்போதே பிரசங்கமும் முடிந்துவிடும். ஜெபம் பண்ணுகிறவர்கள் குறையவில்லை, கோயிலுக்கு வருகிறவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கோயில் என்றால் ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம் மட்டும் இல்லை. 1799-இல் எங்கள் பக்கத்து முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானதே, மதம் மாறியதற்காக அடிபட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் ஒண்ட ஒரு நிலம் வேண்டும் என்றுதான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்திலும் இப்படி நிலம் வாங்கி ஊர்களை உண்டாக்கினார்கள். கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், ஊர் வழக்கைத் தீர்க்கிறதும் அதே வாசலில். 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோது வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்கவில்லை, ஊர் ஊராகக் கொடுத்த காணிக்கைதான். எங்கள் ஆச்சி உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள், அது கோயிலுக்கு.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சபையை யாரும் நம்பி இல்லை. சரி, நல்லதுதான். ஆனால் ஐயருக்குத் துணையாக ஊர்ச் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்?

எங்கள் உபதேசியாருக்கு ஒரு பழைய சைக்கிள், கேரியரில் குடை. ஞாயிறு யார் வரவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொள்வார், திங்கள் சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் இருப்பார். ஒரு தடவை அப்பா மூணு வாரம் போகவில்லை. சபைக்கு மாதாமாதம் கட்டுகிற சங்கக் காணிக்கைக்குக் கையில் காசில்லாத வெட்கம். உபதேசியார் வந்தார், கருப்பட்டிக் காபி குடித்தார், "போன ஞாயிறும் காணலியே, உடம்புக்கு என்ன?" என்றார். காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

மூணு வருஷம் முன்னால் அம்மா இருபத்துமூணு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறந்ததில் இருந்து அவள் போன சபையிலிருந்து வந்தது, வாட்ஸ்அப் குழுவில் கைகூப்புகிற பொம்மை ஒன்பது. அப்புறம் தனியாக ஒரு செய்தி, எட்டு மாதச் சங்கம் பாக்கி என்று. கொட்டகைப் பாஸ்டர் மட்டும் ரெண்டு பஸ் மாறி ரெண்டு தடவை வந்தார், கையில் சாத்துக்குடிப் பை. அதுவரைக்கும் அம்மா அந்த வாசலை மிதித்தது கூட இல்லை. இப்போது அவள் அங்கேதான் போகிறாள், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பிரசங்கத்தில் பாதி எனக்கு ஒத்துக்கொள்ளாது, அது வேறு விஷயம்.

நம்முடைய பெரிய சபைகளுக்கு எலக்‌ஷனும் கேஸும்தான் பெரிய வேலை. 2024-இல் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) தலைமை மன்றமான சினாடின் நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வு பெற்ற நீதிபதிகள் ரெண்டு பேரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கிற அளவுக்குப் போனது. ஓட்டுப் போட யாருக்கு உரிமை என்று பார்க்கச் சங்க ரசீதுப் புத்தகத்தை அத்தனை நுணுக்கமாகப் புரட்டத் தெரிகிறது. அதே புத்தகத்தில் ஒரு வீட்டுப் பெயருக்கு நேரே ஆறு மாதமாகக் காலியாக இருந்தால், போய் என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த முப்பத்தேழு பேர் ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்து ஐயர் ஒரு கல்யாண ஓலை வாசித்தார். மாப்பிள்ளை கனடா, பெண் பெங்களூரு, ரெண்டாம் தரம் வாசிப்பு. இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். முன் பெஞ்சில் இருந்த ஆச்சி மெதுவாக என் பக்கம் திரும்பி, "யாரு வீட்டுப் பிள்ளைய்யா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.