ஆல்பத்தைப் பிரிக்காமல் காத்தது

பழைய போர்ப் படங்களைத் தேடுகிறவர்கள் முதலில் ஓடுவது பெயர்பெற்ற படங்களை நோக்கித்தான். ஜப்பானின் இவோ ஜிமா தீவில் கொடி நடும் அமெரிக்க வீரர்கள், பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் உச்சியில் சோவியத் செங்கொடி. இவற்றின் பிரதிகளுக்குப் பஞ்சமே இல்லை. என்னைப் பொறுத்தவரை, யாரோ ஒரு சிப்பாய் தன் சின்னக் கேமராவில் எடுத்து, ஊர் திரும்பியதும் ஆல்பத்தில் ஒட்டி வைத்த படம்தான் அரிது. அது அழிந்தால் அதோடு சரி.

அப்படி ஒரு ஆல்பம் இணைய ஏலத்தில் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் வீரருடையது. விற்றவர் அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்கத் தொடங்கியிருந்தார். டாங்கி இருக்கும் பக்கத்துக்குப் போட்டி. வண்டி நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் பக்கத்தை யாரும் சீண்டவில்லை. மீதியை ஒன்றாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். ஏற்கெனவே விற்றுப்போன பக்கங்களை வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்பி, ஸ்கேன் மட்டுமாவது தாருங்கள் என்றேன். சிலர் மறுக்காமல் அனுப்பினார்கள்.

கையில் வந்ததும் முதல் வேலை, எதையும் கழற்றாமல் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் எடுத்தது. கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் "டோப்ரூக், 1941" என்று எழுதியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்த துறைமுகம் அது. படத்தைத் தனியாக உரித்து எடுத்தால் மணலும் ஒரு லாரியும்தான் மிஞ்சும்.

அப்புறம் உண்மைத்தன்மை. இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தேன். 1950களிலிருந்து புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அது இருந்தால் தாள் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் பின்னாளில் எடுத்த பிரதி என்று சந்தேகப்படலாம். ஒளிராததால் மட்டும் பழையது என்று சொல்லிவிட முடியாது. பின்பக்க எழுத்தும் உதவும். பால்பாயிண்ட் பேனா பரவலாக விற்பனைக்கு வந்தது 1945க்குப் பிறகுதான். ஆகவே 1941 என்று பால்பாயிண்டில் எழுதியிருந்தால் அது பிற்பாடு எழுதியது. அதற்காகப் படமே போலி என்று ஒதுக்கக் கூடாது, வீட்டில் யாராவது நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கலாம். ஒரு படத்தின் ஓரம் பசை விட்டுத் தூக்கியிருந்தது. விளக்கைச் சாய்வாகப் பிடித்து உள்ளே பார்த்தேன்: கெய்ரோவில் இருந்த ஸ்டூடியோவின் ஊதா முத்திரை, அதன் கீழே பென்சிலில் மூன்று பெயர்கள். முன்பக்கத்தில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். அந்தப் பின்பக்கம்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர்.

மற்ற படங்களின் பின்னாலும் என்ன இருக்கிறதோ என்று கை பரபரக்கும். ஆனாலும் பசை பிடித்திருந்தவற்றை நான் நெம்பவில்லை. தாள் கிழிந்தால் எழுத்தும் சேர்ந்தே போகும்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். மென்மையான தூரிகையால் தூசி தட்டினேன், அவ்வளவே. தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக் கூடாது. கருமையான இடங்களில் நீலப் பளபளப்பு படிந்திருந்தது. படத்தில் உள்ள வெள்ளி மேலே ஏறி வருவதால் வருவது அது, துடைத்தால் படமே தேயும். பக்கங்களுக்கு இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் வைத்தேன். உதிரிப் படங்களுக்குப் பாலியெஸ்டர் உறை. பிவிசி உறையை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள், நாளாக ஆக அது வெளிவிடும் பொருள் படத்தை அரிக்கும். இடமும் முக்கியம்: ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், வெப்பம் ஏறி இறங்காத அலமாரி. பரணும் நிலவறையும் வேண்டாம்.

ஆல்பத்தின் கடைசி உறையில் சில நெகட்டிவ்கள் இருந்தன. இங்கேதான் அதிக கவனம் தேவை. அந்தக் காலத்துப் படச்சுருள்களில் சில நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை, எளிதில் தீப்பிடிப்பவை. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அசிடேட், அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காத வகை. அசிடேட் கெட்டால் வினிகர் வாடை அடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வாடை வந்தவற்றை உடனே தனியே பிரித்தேன்.

ஸ்கேன் செய்வதில் அவசரப்படவில்லை. சின்னப் பிரதிகளை 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) அளவில், நுணுக்கம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்தேன். கழன்று கிடந்தவற்றுக்கு இரண்டு பக்கமும். பெரிதாக்கியதும் லாரியின் முன்பக்கத்தில் படைப்பிரிவுக் குறி தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கூர்மையாக்கவும் வண்ணமேற்றவும் சொல்லிப் பலர் கேட்டார்கள். நான் மாட்டேன். மங்கிய குறியை அது வாசிப்பதில்லை, ஊகித்து ஒன்றை வரைந்துவிடுகிறது. 1945 மே 2 அன்று சோவியத் புகைப்படக்காரர் யெவ்கெனி கல்தேய் எடுத்த ரைக்ஸ்டாக் படத்திலேயே ஒரு வீரரின் கையிலிருந்த கடிகாரத்தை அழித்து, பின்னணியில் புகையைக் கூட்டினார்கள். திருத்தாத வடிவமும் தப்பியதால்தான் இன்று இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

படங்கள் சேர்ந்தே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, ஸ்பானிய உள்நாட்டுப் போரை ராபர்ட் காப்பா, ஜெர்டா டாரோ, டேவிட் சீமோர் மூவரும் எடுத்த நெகட்டிவ்களே சாட்சி. பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் மெக்சிகோவிலிருந்து 2007இல் நியூயார்க் வந்து சேர்ந்தன. மூன்று பெட்டிகளிலேயே அப்படியே இருந்ததால், எந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எது என்று ஆய்வாளர்களால் பார்க்க முடிந்தது.

என் ஆல்பத்தின் கோப்புகள் இப்போது மூன்று பிரதிகளாக உள்ளன; ஒன்று வேறு ஊரில். ஆல்பத்தோடு ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன்: யாரிடமிருந்து வாங்கினேன், எந்தப் பக்கங்கள் இல்லை, அவற்றின் ஸ்கேன் எங்கே இருக்கிறது. எனக்குப் பின் வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லையென்றால் ஏதாவது ஆவணக் காப்பகத்துக்கு முழுதாகக் கொடுத்துவிட வேண்டும், பக்கம் பிரித்து விற்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.