மின்சாரம் கேட்காத வானொலி

மே 9, 2009

ஸ்ரீரங்கத்து வீட்டின் பரணை இன்று ஒழித்தபோது, துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றுக்குள் நிலையத்தைத் தேடித் திருப்பும் கேங் கண்டென்சர் ஒன்றும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஓ.ஏ. 79 ரக ஜெர்மேனியக் கண்ணாடி டயோடும் கிடைத்தன. 1978 கோடை விடுமுறையில் நான் கட்டிய, மின்சாரமோ பேட்டரியோ வேண்டாத கிறிஸ்டல் ரேடியோவில் மிஞ்சியவை இவைதான். கூடத்தில் பெரிய வால்வு ரேடியோ இருந்தது. அதற்குத் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் கட்டிவந்த அப்பா, வேறு யாரையும் அதன் திருகைத் தொடவிட மாட்டார். எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற வீம்பில்தான் அந்த வேலையில் இறங்கினேன்.

மே 10

அந்த 1978 கோடையில், மோட்டார் வைண்டிங் கடையில் எடைபோட்டு வாங்கிய தாமிரக் கம்பியை, இரண்டு அங்குல அட்டைக்குழாயில் 80 சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினேன். மாடியிலிருந்து தென்னை மரம்வரை, அலையைப் பிடிக்கும் கம்பியான ஏரியல். குழாயடி இரும்புக் குழாயில், மண்ணோடு இணைக்கும் எர்த். மூன்று நாள் ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை. டயோடைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றம் என்னுடையது. கம்பியின் மேலிருந்த, மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சைச் சுரண்டாமலேயே முடிச்சுப் போட்டிருக்கிறேன். அரை பிளேடால் முனைகளைச் சுரண்டி, செம்பு பளபளத்ததும் மீண்டும் இணைத்து, கேங்கை மெல்லத் திருப்பியபோது, திருச்சி வானொலி நிலையத்தின் நாகஸ்வரம் எறும்பு ஊர்வதுபோல் காதுக்குள் வந்தது. “கரன்டும் இல்லை, பேட்டரிக் கட்டையும் இல்லை, பிறகு எதை வைத்துடா பாடுகிறது?” என்று பாட்டி கேட்டார். நிலையம் அனுப்பும் அலையிலுள்ள ஆற்றலே காதொலிப்பானை அசைக்கிறது என்று நான் எவ்வளவு விளக்கியும், பாட்டி அதை நம்பியதாகத் தெரியவில்லை.

மே 16

ஊரே தேர்தல் முடிவுகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த ரேடியோவை மீண்டும் கட்ட மாடியில் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தேன். பழைய டயோடின் ஒரு கால் தொட்டதும் ஒடிந்துவிட்டது. கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் டயோடு இதற்கு உதவாது. அது வழிவிடவே ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மேனியத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. மூன்று கடை ஏறி இறங்கி ஜெர்மேனிய டயோடு ஒன்று வாங்கினேன். கைப்பேசியின் இயர்போனும் ஊமையாகவே இருந்தது. சில பத்து ஓம் மின்தடை மட்டுமே கொண்ட அதை ஓட்டும் அளவுக்கு இந்தச் சுற்றில் மின்னோட்டம் ஏது? கடைசியில், ஓடாத அலாரம் கடிகாரத்திலிருந்து ஒலியெழுப்பும் வட்டமான பஸ்ஸர் தகட்டைக் கழற்றி, குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைப் போட்டேன். அப்படியும் சத்தமில்லை.

மே 17

எர்த்தில்தான் கோளாறு என்பது இரவு படுத்தபின்தான் உறைத்தது. பழைய குழாயடியில் இப்போது இருப்பது பி.வி.சி. குழாய், அதில் கம்பியைச் சுற்றினால் என்ன, கதவுப்பிடியில் சுற்றினால் என்ன! விடிந்ததும் கொல்லைப்புறத்து அடிகுழாயின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, கம்பியை இறுக்கிக் கட்டினேன். 7.15 தில்லிச் செய்தியில் தேர்தல் முடிவுகள் மெல்லிய குரலில் கேட்டன. அம்மாவிடம் தகட்டைக் கொடுத்தேன். “நேற்றெல்லாம் இதைத்தானே டி.வி.யில் சொன்னார்கள்” என்றார், ஆனாலும் செய்தி முடியும்வரை தகட்டைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிற்பகலில் மேகம் கறுக்கவே, இடி இறங்கும் முன் ஏரியலைக் கழற்றிவைத்தேன்.