பெசகா அப்பம், கைப்பு நீர், குரிசுமுடி: மலையாற்றூரில் புனித வாரம்

கேரளாவின் அங்கமாலி ஸ்டேஷன் வாசலில், இயேசுவின் சீடர் புனித தோமாவின் மலை இருக்கும் மலையாற்றூருக்கு ஆட்டோ 700 ரூபாய் என்றார் டிரைவர். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத் திருவிழா நேரம், திரும்பி வர சவாரி கிடைக்காது என்று காரணம் வேறு. தூரம் சுமார் 16 கிலோமீட்டர்தான். கேரளாவில் 2022-இல் திருத்திய கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 15. நகர எல்லையைத் தாண்டினால், 30-க்கு மேல் வரும் தொகையில் பாதியைக் கூடுதலாகக் கேட்கலாம். எல்லாம் கூட்டினாலும் 360 ரூபாயைத் தொடாது. கணக்கு தெரியாமல் போகிற தமிழ்க் குடும்பம் அப்படியே இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு வரும். வெளியே நடந்து காலடி வழியாகப் போகும் தனியார் பஸ்ஸைப் பிடித்தால் நாலு பேருக்கும் சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கண்டக்டரிடம் ‘மலையாற்றூர் பள்ளி’ என்று சொல்லுங்கள். அங்கே பள்ளி என்றால் தேவாலயம்.

கோவையிலிருந்து போகிற எல்லா எக்ஸ்பிரஸும் அங்கமாலியில் நிற்பதில்லை. டிக்கெட் போடும்போது ‘அங்கமாலி ஃபார் காலடி’ என்ற ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். அதில் நிற்காத வண்டிதான் கிடைத்தது என்றால் ஆலுவாவில் இறங்கி பஸ்ஸில் திரும்பி வரலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால், 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, பெரிய வியாழன் மார்ச் 25 என்று இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டு, வீட்டிலேயே அறை விடுகிற குடும்பம் எதிலாவது தங்குங்கள். லாட்ஜில் படுத்தால் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அந்த வாரத்தின் பாதி வீட்டுக்குள்தான் நடக்கிறது.

மலையேற்றம், செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பெசகா அப்பத்தை முதலில் சொல்லாமல் கை ஓடவில்லை.

இயேசுவின் கடைசி இரவு உணவை நினைக்கும் நாள், நாம் பெரிய வியாழன் என்பதை அவர்கள் பெசகா என்கிறார்கள், சிரியாக் வழிபாட்டு மொழியிலிருந்து வந்த சொல். அன்று இரவு, சிரியாக் மரபில் வழிபடும் சீரோ மலபார் கத்தோலிக்க வீடுகளில் அப்பம் முறித்துப் பால் பகிர்வார்கள். சாமியார் வருவதில்லை, வீட்டுப் பெரியவர்தான் நடத்துகிறார். எந்த விருந்துக்கும் ஆப்பமும் கள்ளப்பமும் புளிக்கவைத்துச் சுடுகிற அதே வீட்டில் இந்த ஒரு அப்பம் மட்டும் புளிக்கக் கூடாது. எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரயேலருக்கு மாவு புளிக்க நேரம் இருக்கவில்லை, அந்த நினைவு.

அளவு இதுதான். வறுத்த அரிசி மாவு 2 கப், உளுந்து அரை கப், தேங்காய்த் துருவல் ஒன்றரை கப், சின்ன வெங்காயம் 6, பூண்டு 3 பல், சீரகம் அரை டீஸ்பூன், உப்பு. உளுந்தை 3 மணி நேரம் ஊறவைத்துக் குளிர்ந்த நீர் விட்டு நைசாக அரைக்க வேண்டும். தேங்காய், வெங்காயம், பூண்டு, சீரகத்தைக் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைக்கலாம். இரண்டையும் அரிசி மாவோடு சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி 25 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏப்ரல் வெயிலில் உளுந்து மாவு சில மணி நேரத்திலேயே தானாகப் பொங்கத் தொடங்கிவிடும். மத்தியானமே அரைத்து வைத்துவிட்டு ‘ஈஸ்ட் போடவில்லையே’ என்று சொல்லிப் பயனில்லை, மாவு புளித்துப் போயிருக்கும். அரைத்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். இட்லி மாதிரி பூப்போல வராது, அழுத்தமாகத்தான் இருக்கும். அதுதான் சரியான பதம்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறன்று பள்ளியில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக்கி மாவின் மேல் வைப்பார்கள். காய்ந்த ஓலை ஆவி பட்டதும் சுருண்டு எழும், அதனால் ஐந்து நிமிடம் தண்ணீரில் நனைத்து, விரலால் மாவுக்குள் லேசாக அழுத்திவிடுகிறார்கள். இயேசுவின் சிலுவையின் மேல் எழுதியிருந்த ஐ.என்.ஆர்.ஐ. (இலத்தீனில் ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்’ என்பதன் சுருக்கம்) எழுத்துகளால் இதற்கு இண்டறியப்பம் என்றும் பெயர்.

பாலுக்கு அரை கிலோ வெல்லம், இரண்டு தேங்காய். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே தீர வேண்டும், இல்லையென்றால் கடைசிக் குவளையில் மண் பல்லில் கடிபடும். இரண்டாம் பாலில் நாலு டேபிள்ஸ்பூன் வறுத்த அரிசி மாவை ஆறிய நிலையிலேயே கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். சூடான பாலில் மாவைத் தூவினால் கட்டி தட்டும். கெட்டியானதும் வெல்லப் பாகு, சுக்கு, ஏலக்காய். முதல் பாலை அடுப்பை அணைத்தபின்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

வீட்டுப் பெரியவரை அப்பச்சன், பாட்டியை அம்மச்சி என்று கூப்பிடுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் தரையில் முட்டிபோட்டுச் செபம். பைபிளின் விடுதலைப் பயண நூலில், எகிப்தைவிட்டுப் புறப்படும் பாஸ்கா பகுதியை ஒரு பிள்ளை வாசித்தது. அப்பச்சன் எழுந்து கை கழுவி, ஓலைச் சிலுவையை எடுத்து முத்தமிட்டு ஓரமாக வைத்தார். அப்பத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் பாலில் தொட்டு, அம்மச்சியில் தொடங்கி வயது வரிசைப்படி கையில் கொடுத்தார். பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாங்கினார்கள், கீழே ஒரு பருக்கையும் சிந்தவில்லை. தட்டில் ஒட்டியிருந்ததைக்கூட அம்மச்சி விரலால் வழித்து எடுத்துவிட்டுத்தான் கழுவக் கொண்டுபோனார்.

அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நம்மூர்ப் பங்குகளில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியம் மாதிரி அங்கே குடும்பக் கூட்டாய்மை இருக்கிறது, எந்த வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்று அவர்களே பேசி வைத்துக்கொள்கிறார்கள். விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சில வீடுகளில் சிலுவை வைத்த அப்பம் வீட்டாருக்கு மட்டும், மற்றவர்களுக்குச் சிலுவை வைக்காத அப்பம் தனியாக வேகும். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு கேட்காதீர்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. பள்ளி மணி அடிக்காது, மரப்பலகையைத் தட்டும் ஓசைதான். வழிபாடு முடிந்து சிலுவையை முத்தமிட்டு வெளியே வந்தால் ஒரு கரண்டி கைப்பு நீர் தருவார்கள், பாகற்காய்ச் சாறு. சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த காடிக்கு நினைவு. முகம் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடித்துவிடுங்கள், நாக்கில் வைத்துக்கொண்டிருந்தால் கசப்பு அரை மணி நேரம் போகாது. அடுத்து கஞ்சி, பயறு, மாங்காய் ஊறுகாய், எல்லாருக்கும் இலவசம். பயறு தேங்காய் போட்டுத் தாளித்தது, கஞ்சி கொதிக்கக் கொதிக்க. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே சிறந்த சாப்பாடு இதுதான் என்று அடித்துச் சொல்வேன். சாலையோர ஓட்டலில் அதே நாளில் ஒரு சுமாரான மீல்ஸுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

இனி மலை. குரிசுமுடி 609 மீட்டர் உயரம். புனித தோமா இங்கே வந்து செபித்தார் என்பது மரபு. ஆற்றங்கரையில் இருக்கும் பங்குப் பள்ளி வேறு, மலை அடிவாரம் வேறு, பஸ் எதுவரை போகும் என்று கேட்டு ஏறுங்கள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை சிலுவைப்பாதையின் 14 தலங்கள், இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து நின்று செபிக்கும் இடங்கள். நிற்காமல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல், பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம்.

பாதையில் பெரும்பகுதி வெறும் பாறை. பல தலைமுறைக் கால்கள் பட்டு வழுவழுப்பாகியிருக்கிறது, பனியோ வியர்வையோ பட்டால் வழுக்கும். வேண்டுதலுக்கு வெறுங்காலில் ஏறுகிறவர்களுக்குப் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, தேய்ந்த ரப்பர் செருப்புதான் ஆபத்து. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் விழுகிறார்கள், முட்டி நடுங்கத் தொடங்கியிருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி பகலில் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் ஏறவே ஏறாதீர்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், கூட்டத்தில் ஒதுங்கவும் இடம் இருக்காது. வியாழன் இரவு அப்பம் முறித்த கையோடு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். குடும்பமாகப் போனால் ஈஸ்டருக்கு மறுநாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்குங்கள், டார்ச் அவசியம்.

தோளில் மரச் சிலுவையோடு வெகுதூரத்திலிருந்து நடந்தே வரும் குழுக்கள் ‘பொன்னின் குரிசு முத்தப்போ, பொன்மல கயற்றம்’ என்று முழங்குகின்றன. முன்னால் போகிறவர்கள் பாதியைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் மீதியைச் சொல்கிறார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் அந்தத் தாளம்தான் காலைத் தூக்கிவிடுகிறது. மேலே பொற்சிலுவை, பாறையில் தோமாவின் பாதச் சுவடு, யானை குத்திய தடம் இருக்கும் பழைய சிற்றாலயம். கீழே பெரியாறு வளைந்து போவது தெரியும்.

ஈஸ்டர் வழிபாடு நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குத் தொடங்கும் பள்ளிகளும் உண்டு. விடியும்போது 50 நோன்பு முடிந்து கள்ளப்பமும் கோழி ஸ்டூவும் மேசையில் இருக்கும். அடுத்த ஞாயிறு புதுஞாயறு, உயிர்த்த இயேசுவின் தழும்பைப் பார்த்து தோமா நம்பிய நாள், மலையாற்றூரின் பெரிய திருநாள். அன்றும் கூட்டம் அதிகம். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதிக்கே போட்டுவைத்தால் ரயிலில் உட்கார்ந்து வரலாம்.