ஷெஃபீல்டு ஆஸ்பத்திரி வாசலில்

நாஷ்வில்லிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அலபாமாவின் ஷெஃபீல்டு வந்துவிடும். டென்னசி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஊர். இந்தப் பக்கம் வருகிறவர்கள் புகழ்பெற்ற மஸில் ஷோல்ஸ் பாட்டுப் பதிவு ஸ்டூடியோக்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் வந்தது ஓர் ஆஸ்பத்திரியைப் பார்க்க.

'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்' பாட்டைப் பாடிய பெர்சி ஸ்லெட்ஜ் அங்கேதான் வார்டு உதவியாளராக வேலை பார்த்தார். இப்போது அது ஹெலன் கெல்லர் ஆஸ்பத்திரி. அன்று கால்பர்ட் கவுண்டி ஆஸ்பத்திரி. வாரம் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார், வார இறுதியில் எஸ்கொயர்ஸ் என்ற குழுவோடு மேடையேறிப் பாடுவார். காதலி விட்டுப் போன நேரம். ஒருநாள் மேடையில் துக்கம் தாங்காமல், பின்னால் இருந்த கால்வின் லூயிஸையும் ஆண்ட்ரூ ரைட்டையும் ஏதாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, மனதில் வந்ததைப் பாடினாராம். பின்னாளில் அவரே சொன்னது இது.

அந்தப் பாட்டின் மெட்டு அதற்கும் முந்தியது. சிறுவயதில் பருத்திக் காட்டில் முணுமுணுத்தது என்பார். அவர் பிறந்த லெய்ட்டன் பக்கத்தில்தான். அக்டோபர் மாதம், சாலையின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று பருத்தி. இறங்கி, ஓரத்துச் செடியில் வெடித்த காய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மெத்தென்று இருந்தது. அதைப் பிடித்திருந்த காய்ந்த ஓட்டின் முனை நறுக்கென்று விரலில் குத்தியது. நாள் முழுக்க இதைப் பறித்த கை எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் ஷெஃபீல்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த குவின் ஐவி அவர் பாடியதைக் கேட்டு, தன் நோராலா ஸ்டூடியோவுக்கு அழைத்தார். 1966 தொடக்கத்தில் பதிவானது 'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்'. ஸ்பூனர் ஓல்டாமின் ஆர்கனைக் கவனித்துக் கேளுங்கள். மணி அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் நிற்கும் ரீங்காரம் மாதிரி, பாட்டு முழுக்க அடியில் நின்றுகொண்டே இருக்கும். அதன்மேல் அந்தக் குரல் எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போய்விடும். கடைசியில் வரும் ஊதுகருவிகளில் சுருதி விலகியிருக்கும். எனக்கு அது குறையாகவே படவில்லை. அழுகிறவன் சுருதி பார்த்தா அழுவான்?

அந்த மே மாதமே அமெரிக்காவில் முதலிடம். இதை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்துக்கு விற்பனைக்காகக் கிடைத்த முதல் தங்கத் தட்டும் இதுதான். ஆனால் இசைத்தட்டில் பாட்டெழுதியவர்கள் என்று இருப்பது லூயிஸ், ரைட் இருவர் பெயர் மட்டுமே. துணைக்கு வாசித்தவர்களுக்கு உரிமையை ஸ்லெட்ஜே கொடுத்துவிட்டார். பிறகு அதற்காக வருந்தினார். 1991-இல் மைக்கேல் போல்டன் பாடி அது மறுபடி முதலிடம் பிடித்தபோது, எழுதியவருக்கான பணத்தில் ஸ்லெட்ஜுக்குப் பங்கில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே காரை நிறுத்திப் பாட்டைப் போட்டேன். நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். குனிந்து, அவர் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காருக்குள் வைத்தான். கதவைச் சாத்திவிட்டு, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.