கிங்காம்பிட்டுக்கு ஓட்டுப் போட்ட கதை

போக்கிமான் சண்டையில் எதைத் தடை செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? புதிதாக ஆட வருபவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. கம்பெனி நடத்தும் அதிகாரபூர்வப் போட்டிகளுக்குக் கம்பெனியே விதி வகுக்கிறது. ஸ்மோகன் என்ற ரசிகர் தளத்தின் விதிப்படி ஆடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. ரொம்பவே மோசமானவற்றை ஒரு குழு உடனே தூக்கிவிடும். சந்தேகத்துக்கு இடமானவை சஸ்பெக்ட் டெஸ்டுக்கு வரும், அங்கே ஓட்டுப் போடுவது ஆட்டக்காரர்கள்தான். ஆனால் ஓட்டு சும்மா கிடைக்காது. 2023-இல் ஒன்பதாம் தலைமுறை ஆட்டத்தின் முக்கியப் பிரிவான ஓயூவில் கிங்காம்பிட் என்ற போக்கிமான் சந்தேகக் கூண்டில் ஏறியபோது அந்த ஓட்டை வாங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நடைமுறை இதுதான். டெஸ்டுக்கென்று சொல்லப்பட்ட முன்னொட்டோடு புதுக் கணக்கு தொடங்க வேண்டும். பழைய கணக்கின் பெருமை எதுவும் செல்லாது. அந்தக் கணக்கில் போதுமான ஆட்டங்கள் ஆடி, ஜீஎக்ஸ்இ என்ற எண்ணை அறிவிப்பில் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சராசரி ஆட்டக்காரர் ஒருவரோடு மோதினால் நீங்கள் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. வழக்கமாக 80 பக்கத்தில் கேட்பார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 60 சதவீதம் பேர் 'தடை' என்றால்தான் தடை.

லேடர் என்ற தரவரிசை ஏணியின் அடிமட்டத்தில் ஜெயிப்பது கஷ்டமில்லை. ஆனால் அங்கே ஒரு தோல்வி வந்தால் ஜீஎக்ஸ்இ பொத்தென்று விழும், அதைத் திரும்ப ஏற்ற வரிசையாக ஜெயிக்க வேண்டும். அதனால் எல்லோரும் தங்களுக்கு நன்றாகக் கைவந்த டீமைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான். இரண்டு தோல்வி வரிசையாக வந்தால் எழுந்துவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். கோபத்தோடு அடுத்த ஆட்டத்தைத் தேடும் பட்டனை அழுத்துவதைப் போல ஜீஎக்ஸ்இயைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை.

சரி, கிங்காம்பிட்டிடம் அப்படி என்ன பிரச்சினை? அதன் அட்டாக் 135, வேகம் வெறும் 50. எண்களை மட்டும் பார்த்தால் பயமே வராது. சுப்ரீம் ஓவர்லார்ட் என்ற திறன்தான் விஷயம். தன் கூட்டாளி ஒவ்வொன்று விழும்போதும் தாக்குதலின் பலம் 10 சதவீதம் கூடும். ஐந்தும் விழுந்து அது தனியாக நிற்கும்போது 50 சதவீதம். வேகம் இல்லாத குறையைச் சக்கர் பஞ்ச் என்ற தாக்குதல் தீர்த்துவிடுகிறது. எதிராளி அந்தச் சுற்றில் தாக்கினால் அவரை முந்திக்கொண்டு இந்த அடி விழும். அவர் தாக்காவிட்டால் வீணாகப் போகும். எதிராளி ஏற்றிவைத்த பலத்தைக் கண்டுகொள்ளாத டொண்டோஸோ என்ற போக்கிமானாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது, ஏனென்றால் சுப்ரீம் ஓவர்லார்ட் தரும் பலம் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போன்ற நகர்வுகளால் ஏற்றும் பலத்தின் கணக்கில் சேராது.

எனக்கு மறக்காத ஒரு கடைசிக் கட்டம். எதிராளியிடம் மிஞ்சியது அடிவாங்கிய கிங்காம்பிட் மட்டும், ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு போக்கிமானின் வகையை மாற்ற உதவும் டெராவையும் முன்பே செலவழித்துவிட்டார். என்னிடம் பாதி உயிரோடு ஹீட்ரான். லாவா ப்ளூம் என்ற நெருப்புத் தாக்குதலை விட்டால் கிங்காம்பிட் விழும். ஆனால் அவர் சக்கர் பஞ்ச் அழுத்தியிருந்தால் நான் முதலில் விழுவேன். அடிக்காத நகர்வான டான்ட் அழுத்தினால் சக்கர் பஞ்ச் வீண், ஆனால் அவர் தன் இன்னொரு தாக்குதலான கௌடௌ கிளீவ் போட்டிருந்தால் கதை முடிந்தது. நான் டான்ட், அவர் சக்கர் பஞ்ச். வீண். அடுத்த சுற்றில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவரும் யோசிக்கிறார். மீண்டும் டான்ட், மீண்டும் சக்கர் பஞ்ச். மூன்றாவது முறை லாவா ப்ளூம் அழுத்தினேன். அவர் கௌடௌ கிளீவுக்கு மாறியிருந்தார்.

ஜெயித்தேன், சரி. ஆனால் இது திறமையா, காசு சுண்டுவதா? அந்த டெஸ்டின் முழு வாக்குவாதமும் இந்த ஒரு கேள்விதான். தடை கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: அதுவரை ஆட்டம் முழுதும் நன்றாக ஆடியவரைக்கூடக் கிங்காம்பிட் இந்தப் பூவா தலையாவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. போதாததற்கு, நான்கு மடங்கு வலிக்கும் ஃபைட்டிங் தாக்குதலுக்குக் காத்திருந்தால், அது டெராவால் ஃப்ளையிங் வகையாக மாறி அதைத் தட்டிவிடும். 'அப்படியானால் குற்றவாளி டெராதானே' என்பார்கள் சிலர். டெராவையும் அதற்கு முன்பே ஓட்டுக்கு விட்டு, இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. எதைத் தடை செய்வது என்பதிலேயே குழப்பம் வருவது புதிதில்லை. ஹவுண்ட்ஸ்டோன் என்ற நாய்ப் போக்கிமானை முதலில் தடை செய்தார்கள், பிற்பாடு அதன் லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ் என்ற தாக்குதலையே தடை செய்தார்கள். பாவம், நாய்க்கு விடுதலை.

நான் கடைசியில் பிடித்துக்கொண்ட அளவுகோல் வேறு. மெகா ரெய்க்வேஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெகா என்ற பலமான வடிவம் எடுக்க மற்றவை கையில் வைத்திருக்க வேண்டிய கல் அதற்கு வேண்டாம், கையில் வேறு பொருள் வைத்துக்கொள்ளலாம், அட்டாக்கும் ஸ்பெஷல் அட்டாக்கும் 180. ஓயூவில் தடை செய்யப்பட்டவை ஆடும் உபர்ஸ் பிரிவுகூடத் தாங்காமல், அதற்காகவே எனிதிங் கோஸ் என்ற பிரிவு பிறந்தது. அதற்கு எதிராக எப்படி ஆடினாலும் ஒன்றுதான். ஃப்ளட்டர் மேனும் ஓயூவில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது: வேகமும் ஸ்பெஷல் அட்டாக்கும் 135, கோஸ்ட்-ஃபேரி கலவை, பயமில்லாமல் எதிரே இறக்க ஆளே கிடைக்காது.

கிங்காம்பிட் அப்படியா? லேடரில் ஏறிக்கொண்டே போகும்போது, அதனிடம் தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைத் திரும்பப் பார்த்தேன். பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கு வெகு முன்பே முடிவாகியிருந்தது. நடு ஆட்டத்தில் அது உள்ளே வந்தபோது அடிக்கக் கிடைத்த வாய்ப்பு, எதிராளியின் டெராவை முன்கூட்டியே கக்க வைக்கக் கிடைத்த வாய்ப்பு, எல்லாம் அங்கே தெரிந்தன. சக்கர் பஞ்ச் அதிகபட்சம் எட்டு முறைதான். அதை வீணடிக்க வைக்கும் ஆட்டமும் உண்டு. எரிச்சலூட்டும் போக்கிமான்தான், சந்தேகமில்லை. ஆனால் எரிச்சலுக்காகத் தடை செய்ய ஆரம்பித்தால் ஓயூவில் பாதியைத் தூக்க வேண்டியிருக்கும்.

தேவையான எண்ணைத் தொட்டதும் அதே நிமிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அப்புறம் 'தடை வேண்டாம்' என்று போட்டேன். முடிவு வந்தபோது 60 சதவீதம் சேரவில்லை, கிங்காம்பிட் ஓயூவிலேயே தங்கிவிட்டது. தடைக்கு ஓட்டுப் போட்ட நண்பன் ஒருவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான், அதுவும் நான் அதனிடம் தோற்கும்போதெல்லாம்.