இலையைப் பார்க்காமல் பேர் சொன்ன கதை

ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருக்கும் டால்கிராஸ் பிரெய்ரி (உயரப்புல் வெளி) தேசியக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். கான்சஸ் சிட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். போனது காட்டெருமை பார்க்க. அவை தொலைவில் கரும்புள்ளிகளாக மேய்ந்ததோடு சரி. என்னை நிறுத்தியது பாதையோரம் ஏழெட்டு அடி உயரத்தில் நின்ற ஒரு செடி. தண்டு நெடுக மஞ்சள் பூக்கள்.

"சூரியகாந்திதாங்க" என்றாள் மனைவி. 1903 முதல் கான்சஸின் மாநிலப் பூவே அதுதான். போனில் இருந்த செயலியும் ஆமாம் போட்டது. நாலைந்து படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினோம். அரை மைல் தாண்டியதும்தான் உறைத்தது: எடுத்ததெல்லாம் பூ, இலை ஒன்றில்கூட இல்லை. இந்த மாதிரி மஞ்சள் பூ அங்கே எத்தனையோ வகை. பூவை மட்டும் வைத்துப் பேர் சொல்வது, சட்டை நிறத்தைச் சொல்லித் திருவிழாவில் ஆள் தேடுகிற வேலை.

வெயிலில் திரும்பி நடந்தோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அடி இலைகள் ஒரு முழத்துக்குக் குறையாது. ஓரம் நடுநரம்பு வரைக்கும் கிழிந்திருந்தது. தடவினால் உப்புத்தாள். எல்லாம் ஸ்டாண்டில் செருகிய தட்டுகள் போல நிமிர்ந்து நின்றன. போனில் திசை பார்த்தேன். ஒன்றிரண்டு கோணல் தவிர, விளிம்புகள் வடக்கு தெற்காக, முகங்கள் கிழக்கு மேற்காக! காலை, மாலை வெயிலை வாங்கிக்கொண்டு உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டுகிற செடி. காம்பஸ் பிளான்ட், அதாவது திசைகாட்டிச் செடி என்று இதற்குப் பேர் வந்தது இதனால்தான்.

வாடிய பூ ஒன்றைப் பறிக்காமல் வளைத்துப் பார்த்தேன். சூரியகாந்தியில் விதை பிடிப்பது நடுவட்டத்தில். சுற்றியிருக்கும் இதழ்கள் மலடு. இதில் நேர்மாறு. நடு காய்ந்து கிடக்க, உதிர்ந்த இதழ்களின் அடியில் தட்டையான பச்சை விதைகள். சந்தேகம் தீர்ந்தது. தண்டில் பிசின் கசிந்திருந்தது. பழங்குடிப் பிள்ளைகள் இதைத்தான் சூயிங்கம் போல மென்றார்களாம். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதன் வேர் 15 அடி வரைகூட இறங்கும். அப்படிப்பட்ட செடியையும் ஏர் விட்டுவைக்கவில்லை. உயரப்புல் பிரெய்ரியில் இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் குன்றுகளில் மேல்மண் மெல்லிசு, கீழே சுண்ணாம்புப் பாறை. ஏர் இறங்கவில்லை, இந்தப் புல்வெளி தப்பித்தது.

திரும்பும்போது மனைவிதான் கை நீட்டினாள். "அதோ இன்னொண்ணு. அப்ப வடக்கு அந்தப் பக்கம். கார் எந்தப் பக்கம்?"