30 விநாடியில் முடியாத வேலை

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் பராமரிக்கிறேன். எல்லாம் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. சம்பா அறுவடையில் எடைச் சீட்டும் பில்லும் குவிந்து டேட்டாபேஸ் பெருத்துவிடும். அதுவரை ஒழுங்காக நடந்த பேக்கப் (தரவை நகலெடுத்து வைப்பது), மாசியில் டைம்அவுட் ஆகி, அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்து, நிற்கும்.

டாட்நெட் (மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளம்) நிரல் ஒரு கட்டளையை அனுப்பிவிட்டு, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடிதான் காத்திருக்கும். சர்வர் நன்றாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்; பொறுமை இழப்பது நிரல். அது ரத்து செய்யச் சொன்னதும் சர்வரும் பாதியில் விட்டுவிடும். இந்த இடத்தில் பலரும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (சர்வரோடு இணையும் விவரங்கள் எழுதும் வரி) உள்ள 15 விநாடியைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது இணைப்பு கிடைப்பதற்கான நேரம், பேக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்கும் ரீஸ்டோர் இன்னும் சிக்கல். ஓர் ஆலையில் புதுக் கணினிக்கு மாற்றும்போது திரையில் 0 சதவீதம் நகரவே இல்லை. வாசலில் லாரி நிற்கிறது. "ஹேங் ஆயிடுச்சு போல சார், ஆஃப் பண்ணிடவா?" என்றார் உரிமையாளர். "வேண்டாம்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பேக்கப் கோப்பு சின்னதுதான். ஆனால் ஃபுல் ரெக்கவரி முறையில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை மாற்றங்களின் பதிவான லாக் அழியாது) லாக் பேக்கப்பே எடுக்காததால் லாக் கோப்பு பூதமாக வளர்ந்திருந்தது. ரீஸ்டோர் அதைப் பழைய அளவுக்கே உருவாக்கி, முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பும். அந்த நேரத்தில்தான் நிரல்கள் கைவிடும். அப்புறம் டேட்டாபேஸ் 'ரீஸ்டோரிங்' நிலையில் மாட்டிக்கொள்ளும், யாரும் திறக்க முடியாது.

அதனால் பேக்கப், ரீஸ்டோர் கட்டளைகளுக்கு மட்டும் டைம்அவுட்டை 0, அதாவது வரம்பே இல்லை என்று வைக்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப், தன் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை (கட்டளைக்கான நேர வரம்பை) தானே 0 ஆக்கிக்கொள்கிறது, அதுதான் முறை. எல்லாக் கட்டளைக்கும் 0 வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பில் சேமிப்பது வேறொரு கட்டளை போட்ட பூட்டில் சிக்கினால் 30 விநாடியில் தெரிந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடும்.

வரம்பை எடுத்தால் பார்ப்பவருக்கு ஏதாவது காட்டியாக வேண்டும். கட்டளையில் 'ஸ்டாட்ஸ் = 5' சேர்த்து, 5 சதவீதத்துக்கு ஒருமுறை வரும் செய்திகளைத் திரையிலேயே ஓடவிடுகிறேன். முதல் சதவீதம் வரும்வரை 'கோப்பு தயாராகிறது, கணினியை அணைக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒவ்வொரு இடத்திலும் வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.